மாலை வெயிலில் டிவி திரையில் கருந்திட்டு: பேனல் போய்விட்டதா?

கேட்பவர்: இனிப்புக் கடைக்காரர், மதுரை

எங்களுடையது மேற்குப் பார்த்த கடை. விலைப்பட்டியல் காட்டுவதற்காக, முகப்புக் கண்ணாடிக்கு உட்புறம் தெருவைப் பார்த்தபடி 55 அங்குல எல்இடி டிவி மாட்டியிருக்கிறோம். மார்ச் கடைசியிலிருந்து தினமும் நாலு மணிக்கு மேல் திரையின் நடுவில் மை கொட்டியதுபோல் கருந்திட்டு வருகிறது. உள்ளங்கை அளவில் தொடங்கித் தாம்பாளம் அளவுக்குப் பரவுகிறது. பொழுது சாய்ந்ததும் தானாக மறைகிறது. தூசி படாமல் இருக்க முன்னால் அக்ரிலிக் மூடி போட்டிருக்கிறோம். பின்னால் இரண்டு சிறிய மின்விசிறிகள் வைத்தும் பயனில்லை. மெக்கானிக் பேனலையே மாற்றச் சொல்கிறார். கிட்டத்தட்டப் புது டிவியின் விலை. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: டிவி பழுதுபார்ப்பவர், திருநெல்வேலி

மாற்றாதீர்கள் அண்ணாச்சி! ஆறியதும் திட்டு மறைகிறது என்றால் பேனல் சாகவில்லை. உள்ளே இருக்கும் திரவப் படிகம் ஓர் அளவு சூடு வரைதான் ஒழுங்காக அணிவகுத்து நிற்கும். அதைத் தாண்டினால் வெறும் திரவமாகிவிடும், ஒளி அதிரும் திசையைத் திருப்பாது. முன்னும் பின்னும் போலரைசர் தாள்கள், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்கள், ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால், திரும்பாத ஒளி வெளியே வராது. நீங்கள் பார்க்கும் கருப்பு அதுதான்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போடுங்கள். உங்கள் திரையின் பரப்பு சுமார் 0.8 சதுர மீட்டர். நல்ல வெயில் சதுர மீட்டருக்கு 1000 வாட் வரை கொட்டும். மாலையில் அதில் பாதியே விழுந்தாலும் 400 வாட். டிவி தானாக உண்டாக்கும் சூடோ 100, 150 வாட்தான். வெயில் முகத்தில் அடிக்கும்போது முதுகில் விசிறி என்ன செய்யும்? அக்ரிலிக் மூடியோ வெயிலை உள்ளே விட்டுச் சூட்டைப் பூட்டி வைக்கிறது. முதலில் அதைக் கழற்றுங்கள்.

கேட்டவர்: கழற்றிவிட்டேன். நாலு மணிக்கு அணைத்து வைத்தால் போதுமா? வாசலில் சார்ப்பு இறக்கலாமா? ரயில் நிலையத் திரைகள் மட்டும் எப்படித் தாங்குகின்றன?

பதில்: அணைத்தாலும் கருப்புத் திரை வெயிலைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். சார்ப்பு உச்சி வெயிலைத் தடுக்கும். மேற்கு வெயில் தாழ்ந்து அதன் அடியில் நுழைந்துவிடும். வெயில் படும் இடத்துக்கென்றே செய்யும் திரைகளில் அதிகச் சூடு தாங்கும் படிகம் இருக்கும், பேனலின் முன்பக்கமும் காற்று ஓடும். வீட்டு டிவிக்குப் பெரும்பாலும் 40 டிகிரிதான் வரம்பு. வடக்குப் பார்க்கும்படி பக்கச் சுவருக்கு மாற்றுங்கள், பின்னால் நாலு விரல் இடைவெளி விடுங்கள். வெயிலில் தெரியவில்லை என்று பேக்லைட்டை (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கின் வெளிச்சத்தை) 100இல் வைத்திருப்பீர்கள், 60க்கு இறக்குங்கள்.

இன்னொருவர், ஈரோடு: சூடான திரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம் ஐயா. எங்கள் கடையில் அப்படித்தான் ஒரு திரை விரிசல் விட்டது.

கேட்டவர், பத்து நாள் கழித்து: பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டோம். திட்டு ஒருநாளும் வரவில்லை. பெரிய செலவிலிருந்து காப்பாற்றினீர்கள், மிக்க நன்றி. நடுவில் மட்டும் லேசாக மஞ்சள் தெரிகிறது.

பதில்: அது போலரைசர் தாள் வெந்த தடம் அண்ணாச்சி, இனிப் போகாது. விலை எழுத்து தெளிவாகத் தெரிகிறதல்லவா? அப்படியே ஓட்டுங்கள்.