இண்டக்ஷன் அடுப்பு மக்கர் செய்கிறதா? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து:

எங்கள் வீட்டு இண்டக்ஷன் அடுப்பு காலையில் நல்ல பிள்ளை. இட்லி, காபி, குழம்பு எல்லாம் தடங்கல் இல்லாமல் முடிந்துவிடும். விளக்கு வைக்கிற நேரம் ஆனால் போதும், கொஞ்ச நேரம் ஓடிவிட்டு பீப் பீப் என்று கத்தும், ஒரு எரர் எண்ணைக் காட்டும், நின்றுவிடும். சர்வீஸ்காரர் வந்தார். மூடியைக்கூடக் கழற்றவில்லை. "உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு போயிடுச்சும்மா, புதுசு போடணும்" என்றார். அவர் சொன்ன விலையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது அடுப்பே வாங்கிவிடலாம்.

போர்டு போயிருந்தால் காலையில் மட்டும் எப்படி ஓடுகிறது என்று என் மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதானே. தெருவிலேயே இருக்கிற எலக்ட்ரீஷியன் தம்பியைச் சாயங்காலமாக வரச் சொன்னோம். அவர் அடுப்பைத் தொடவே இல்லை. மீட்டரை எடுத்து சாக்கெட்டில் வோல்டேஜ் பார்த்தார். அடுப்பு ஓடாதபோது 200க்குப் பக்கத்தில் இருந்தது. போட்டதும் மளமளவென்று 170க்குக் கீழே இறங்கியது. "அக்கா, சும்மா இருக்கும்போதே கம்மியா இருந்தா ஈபி லைன்ல குறை. அடுப்பைப் போட்டதும் சரியுதுன்னா வீட்டு வயரிங்ல குறை. உங்களுக்கு ரெண்டும் சேர்ந்திருக்கு" என்றார். பகலில் லைனில் 230 வருவதால், முப்பது வோல்ட் விழுந்தாலும் அடுப்பு சமாளித்திருக்கிறது. ராத்திரி தெருவே ஏசி போடும்போது அதற்கு முடியவில்லை.

சுவிட்ச் போர்டைக் கழற்றினால், நியூட்ரல் வயரின் முனை கரிந்து, உறை இளகி, ஸ்க்ரூ விரலாலேயே சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. மெயின் பாக்ஸிலிருந்து அடுப்படிக்குத் தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட் போட்டுக் கொடுத்தார். அப்புறம் அந்தத் தொல்லை இல்லை. உங்கள் வீடுகளில் என்னென்ன பாடு படுத்தியது என்று எழுதுங்கள்.

கோவையிலிருந்து:

நான் இந்த வேலைதான் செய்கிறேன். மூடியைத் திறக்காமலே போர்டு போச்சு என்று சொல்கிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள், மறுக்க முடியாது. கடைக்கு வருகிற அடுப்புகளில் நிறைய, உள்ளே ஒரு குறையும் இல்லாமல்தான் வருகின்றன.

2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண சுவிட்ச் போர்டில் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். அடுப்பின் பெரிய பின் அதில் நுழையாது என்பதால் ஒரு கன்வர்ட்டர் வாங்கிச் செருகிவிடுகிறார்கள். ஒரு வீட்டில் "அடுப்பு கருகுது, கருவாடு சுடுற மாதிரி நாத்தம் வருது" என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அடுப்பு சுத்தமாக இருக்கிறது. கன்வர்ட்டர் உருகி சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் அப்படித்தான் நாறும். அந்த வாடை வந்தால் முதலில் மெயினை அணையுங்கள், பிளக்கில் கை வைக்காதீர்கள்.

உண்மையாகவே உள்ளே கெட்டுப்போனவற்றில் பெரும்பங்கு கரப்பான் பூச்சியின் கைங்கரியம். சமையல் முடிந்தும் உள்ளே இளஞ்சூடு இருக்கும், இருட்டு, மேலே சிந்திய சாறு வேறு. அதற்கு இதைவிட என்ன வேண்டும்? அடிப்பக்கத்துத் துளை வழியாக நுழைந்து போர்டில் குடித்தனம் நடத்தும். பூச்சியோ அதன் எச்சமோ போர்டில் இருக்கும் பாகங்களின் இரண்டு கம்பிக் கால்களுக்கு நடுவே ஒட்டினால் ஷார்ட் ஆகி, காயிலுக்குக் கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கும் ஐஜிபிடி என்ற டிரான்சிஸ்டர் போகும், கூடவே ஃபியூஸும் போகும். சிலர் யூடியூப் பார்த்து ஃபியூஸை மட்டும் மாற்றுகிறார்கள். ஐஜிபிடி ஷார்ட்டாக இருக்கும்போது புது ஃபியூஸும் போட்ட நொடியிலேயே டப்பென்று போகும். நாங்கள் முதலில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் கரண்ட் கொடுப்போம். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ளச் சொன்னேனே தவிர, வீட்டில் செய்து பார்க்கச் சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

கரப்பானுக்கு மருந்தடிக்கிறேன் என்று துளைக்குள் ஸ்பிரே பீய்ச்சாதீர்கள், அது தீப்பிடிக்கும். ராத்திரி அடுப்பு நன்றாக ஆறியதும் ஒரு துணிப் பைக்குள் போட்டு நிமிர்த்தி வையுங்கள், போதும்.

மதுரையிலிருந்து:

எனக்கு வேறு கதை. கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் பாத்திரம் பரண் நிறைய இருக்கிறது. எதை வைத்தாலும் அடுப்பு கத்துகிறது, ஏற்றுக்கொள்ளவில்லை. கடைக்காரர் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தைக் கையில் கொடுத்து, "இது அடியில கெட்டியா ஒட்டினா வையுங்கம்மா, இல்லைன்னா கேஸுக்கே வச்சுக்குங்க" என்றார். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். நல்ல எவர்சில்வர் என்று அம்மா பார்த்துப் பார்த்து வாங்கியதில்தான் காந்தம் வழுக்கிக்கொண்டு விழுந்தது! அலுமினியம், பித்தளை, செம்பு, ஈயச் சொம்பு, மண்சட்டி எதுவும் ஆகாது. இரும்பு தோசைக்கல், அடியில் ஸ்டீல் தகடு பதித்த குக்கர், எனாமல் பாத்திரம் எல்லாம் ஓடும்.

காந்தம் ஒட்டினாலும் போதாது, அடி தட்டையாக இருக்க வேண்டும். கிராமத்துக் கொல்லன் அடித்த இருப்புச் சட்டியில் காந்தம் அப்படி ஒட்டுகிறது, ஆனால் அடி உருண்டை, கண்ணாடியில் ஒரு புள்ளிதான் படுகிறது. ஒரு டம்ளர் பால் காய்ச்சும் குட்டிக் கிண்ணத்தையும் அடுப்பு கண்டுகொள்ளாது. அடி 12 சென்டிமீட்டராவது இருந்தால் நல்லது.

பழைய குக்கர் வைத்திருப்பவர்கள் கவிழ்த்து, அடியில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். என் குக்கரில் ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டு, இரு பக்கமும் தூக்கிக்கொண்டு நின்றது. தண்ணீர் குறைவாக வைத்துக் காயவிட்டதில் தகடு வீங்கியிருக்கிறது. அடுப்பு ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். விசில் வர யுகம் ஆகும். குக்கரை மாற்றியதும் அதே அடுப்பு புதுசு போல ஓடுகிறது.

சென்னையிலிருந்து:

பேச்சிலர் ரூம். கீழே அழுக்காகக் கூடாது என்று நியூஸ் பேப்பர் விரித்து அதன் மேல் அடுப்பு. சோறு பாதி வேகும்போது ஹீட் எரர் காட்டி நிற்கும். காற்றை இழுக்கும் ஃபேன் அடியில்தான் இருக்கிறது, அது பேப்பரை உறிஞ்சி அடைத்துக்கொள்கிறது. பேப்பரை உருவினோம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம், சரியாகிவிட்டது. மெத்தை மேல் வைத்து நூடுல்ஸ் செய்யும் மகானுபாவர்களுக்கும் இதே பதில்தான்.

தஞ்சாவூரிலிருந்து:

தோசை பற்றி யாரும் எழுதவில்லையே? நடுவில் கருகல், ஓரத்தில் வெள்ளை மாவு, எடுத்தால் நடுவோடு கையில் வரும். அடுப்பில் கோளாறு என்று திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டோம்.

கோளாறெல்லாம் இல்லை. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் காயில், அதாவது கம்பிச் சுருளின் அகலம் சுமார் 18, 20 சென்டிமீட்டர்தான். தோசைக்கல்லோ ஒரு அடி. காயிலுக்கு மேலே இருக்கும் பகுதி மட்டும்தான் நேராகச் சூடாகும், ஓரத்துக்கு இரும்பு வழியாகச் சூடு போய்ச் சேர வேண்டும். இரும்பு அதை மெதுவாகத்தான் கடத்தும். கேஸில் ஜுவாலை ஓரம் வரை நக்குவதால் நமக்கு இது தெரிந்ததே இல்லை. அந்த 'தோசை' பட்டனையும் நம்ப வேண்டாம். சூடு பார்க்கும் சென்சார் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது, கல்லில் என்ன சூடு என்று அதற்குத் தாமதமாகத்தான் தெரியும்.

நான் செய்வது இது. கல்லை வைத்து 800 வாட்டில் நிதானமாகக் காயவிடுவேன். எடுத்த எடுப்பில் 2000 வைத்தால் மெல்லிய கல் வளைந்துவிடும், வார்ப்புக் கல் விரிசல் விடலாம். தண்ணீர் தெளித்து, ஓரத்திலும் சுர்ரென்று ஓடினால்தான் மாவு. வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஓரம் வரை தேய்த்துவிட்டு, கையகலத்துக்குக் கொஞ்சம் பெரிதாக மட்டும் வார்ப்பேன். காகிதம் போல விரியும் ரோஸ்ட் வேண்டுமென்றால் கேஸ் அடுப்புக்கே போய்விடுங்கள். இதில் வராததை வரவழைக்க மெனக்கெடுவது வீண் வேலை. கனமான கல்லைக் கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

ஈரோட்டிலிருந்து:

பட்டன் வேலை செய்யவில்லை என்று பதறுகிறவர்களுக்கு: ஈரக் கையோடு தொட்டால் டச் பேனல் குழம்பும். பால் பொங்கி அதன் மேல் வழிந்தாலும் அப்படித்தான், ஆறியதும் துடைத்தால் சரி. அதற்கும் மசியவில்லை என்றால் பூட்டுப் படம் எரிகிறதா பாருங்கள், பேரன் சைல்டு லாக் போட்டிருப்பான். சில நொடி அழுத்திப் பிடித்தால் விடும்.

நாகர்கோவிலிலிருந்து:

எங்கள் வீட்டில் கரண்டியால் கிளறும்போதெல்லாம் விரலில் சுர்ரென்றது. டெஸ்டரை வைத்தால் பாத்திரத்தில் மங்கலாக எரிகிறது. அம்மா ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு சமைக்க ஆரம்பித்துவிட்டார். அது வைத்தியமே இல்லை. சாக்கெட்டின் மேல் துளையில் எர்த் வயரே இணைக்காமல் விட்டிருந்தார்கள், கொல்லைப்புறத்து எர்த் குழியும் வறண்டு கிடந்தது. குழியைத் தோண்டி உப்பும் கரியும் போட்டுப் புதுப்பித்து, வயரை இணைத்தோம். கூடவே, கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஆர்சிசிபி ஒன்றும் போட்டாயிற்று. சுர்ரென்று வந்தால் அடுப்பைக் குறை சொல்வதற்கு முன் எர்த்தைப் பாருங்கள், அதுவரை அதில் சமைக்காதீர்கள்.

திருச்சியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. கோவை அண்ணனுக்கு மூன்று கேள்விகள். வோல்டேஜ் குறைவுக்கு வீட்டில் சும்மா கிடக்கும் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரைப் போடலாமா? கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாமா? கண்ணாடியில் ஓரமாக மயிர்க்கீறல் விழுந்திருக்கிறது, சமைக்கலாமா?

கோவையிலிருந்து:

ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் இந்த லோடைத் தாங்காது, எரிந்துபோகும். 3 கேவிஏ அளவில் வேண்டும், அந்தக் காசில் வயரிங்கைச் சரிசெய்துவிடலாம். லைனிலேயே குறை என்றால் ஈபியில் எழுதிக் கொடுங்கள். அதுவரை சாயங்காலத்தில் 1000, 1200 வாட்டில் வைத்துச் சமையுங்கள், வோல்டேஜ் அவ்வளவு சரியாது. ஃபேன், லைட்டுக்கு வைத்திருக்கும் இன்வெர்ட்டர் ஓவர்லோடு காட்டி அணையும். பில்லையும் மனதில் வையுங்கள்: தினம் ஒரு மணி நேரம் முழு பவரில் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட் ஆகிவிடும்.

சமைத்து முடித்ததும் சுவிட்சை உடனே அணைக்காதீர்கள், ஃபேன் தானாக நிற்கும்வரை விடுங்கள். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: உடனே அணைப்பதாலும் நிறைய போர்டு சீக்கிரம் போகிறது.

கீறல் விழுந்த அடுப்பில் இனி சமைக்க வேண்டாம். செல்லோ டேப் ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பொங்கிய பால் அந்தக் கீறல் வழியாக இறங்கினால், கீழே இருப்பது கரண்ட் ஓடும் காயில், பாத்திரத்தில் இருப்பது உங்கள் கை. கண்ணாடித் தட்டு தனியாகக் கிடைக்கும். அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் நீள அகலத்தையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கிடைக்காத மாடல் என்றால் புது அடுப்பு வாங்குங்கள்.