ஜான் மன்னன் மேல் உள்ள கெட்ட பெயர் நியாயம்தானா?

கல்வெட்டுக்காரன்:
1199 முதல் 1216 வரை இங்கிலாந்தை ஆண்ட ஜானைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதல் வரியிலேயே ‘கொடுங்கோலன்’ என்று வந்துவிடுகிறது. எனக்கு இதில் நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. அவனைப் பற்றிய பயங்கரக் கதைகளில் பல, அவன் செத்த பிறகு செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவிகள் எழுதி வைத்தவை. நாரிச்சைச் சேர்ந்த ஜெஃப்ரி என்ற திருச்சபை அதிகாரிக்கு ஈயத்தில் அங்கி போர்த்தி ஜான் சாகடித்தான் என்று அந்த மடத்துத் துறவி ரோஜர் வெண்டோவர் எழுதுகிறார். அந்தப் பதவியில் இருந்த ஜெஃப்ரியோ 1225இல் ஈலி நகர ஆயர் ஆகிறார்!

அண்ணன் ரிச்சர்டையும் பாருங்கள். பத்து வருட ஆட்சியில் அவன் இங்கிலாந்தில் இருந்தது மொத்தமே ஆறு மாதம்தான். அவனைச் சிறை மீட்க 1,50,000 மார்க் (அந்தக் காலப் பணக் கணக்கு) பேசி, நாட்டையே வழித்துக் கொடுத்தார்கள். கஜானா காலி, விலைவாசி ஏற்றம், எதிரில் பிரான்ஸ் மன்னன் இரண்டாம் பிலிப். இப்படி ஒரு நேரத்தில் பட்டத்துக்கு வந்தவன் ஜான்.

மதுரை மீனா:
கல்வெட்டு அண்ணா, துறவிகளை விட்டுவிடுவோம். ஜானின் சொந்தக் கணக்கையே எடுங்கள். படைக்கு வராத பிரபு அதற்குப் பதில் பணம் கட்டும் ஸ்கூட்டேஜ் வரியை, அப்பா இரண்டாம் ஹென்றி 34 வருடத்தில் 8 தடவை போட்டார். மகன் 17 வருடத்தில் 11 தடவை. 1214இல் அது ஒரு நைட் நிலத்துக்கு, அதாவது ஒரு குதிரைவீரனைப் படைக்கு அனுப்பும் கடமையோடு கொடுத்த நிலத்துக்கு, 3 மார்க் வரை போனது. மீட்புப் பணம் ஒரு முறை கேட்டது, எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். இது ஓயவே இல்லை.

ஜெஃப்ரி டி மாண்டவில் என்ற பிரபு ஜானின் முன்னாள் மனைவியைக் கட்டிக்கொள்ள 20,000 மார்க் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஒரு தலைமுறையில் அடைக்க முடிகிற கடனா அது? கடன் கழுத்தில் தொங்கும்வரை அந்த ஆள் ராஜாவின் பிடியில் இருப்பான். ஜானுக்கு வேண்டியது அதுதான்.

செல்வம்_71:
நான் பள்ளியில் வரலாறு நடத்தியவன். போப் விவகாரத்தை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். கேண்டர்பரி பேராயராக ஸ்டீஃபன் லாங்டனை ஏற்க மாட்டேன் என்று ஜான் மறுத்ததால், 1208 முதல் 1214 வரை இங்கிலாந்துக் கோயில்களில் பூசை கிடையாது, செத்தவரைப் புனித நிலத்தில் புதைக்கவும் முடியாது. சாதாரணக் குடியானவன் வீட்டுச் சாவை நினைத்துப் பாருங்கள். கடைசியில் 1213இல் நாட்டையே போப்பிடம் ஒப்படைத்து, வருடம் 1,000 மார்க் கப்பம் என்று அவருக்கு அடங்கிய அரசனாகத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

கல்வெட்டுக்காரன்:
செல்வம் சார், அந்த ஒப்படைப்பால் போப் மூன்றாம் இன்னொசென்ட் ஒரே நாளில் அவன் பக்கம் வந்துவிட்டார். 1215 ஜூன் 15இல் ரனிமீட் புல்வெளியில் கலகம் செய்த பிரபுக்களுக்கு ஜான் ஒப்புக்கொண்ட, அரசன் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் சாசனமான மாக்னா கார்ட்டாவைப் பத்தே வாரத்தில், ஆகஸ்ட் 24இல், செல்லாது என்று அறிவித்தவர் அவர்தான். ராஜதந்திரம் என்று பார்த்தால் அது சாமர்த்தியம்.

மீனா, கொடுமை என்றால் ரிச்சர்ட் 1191இல் சிலுவைப் போரில் ஏக்கர் நகரில் சுமார் 2,700 கைதிகளை வெட்டச் சொன்னான். அவன் ‘சிங்க நெஞ்சன்’. ஜான் 1204இல் நார்மண்டியை இழந்தான், 1214இல் பூவீன் போரில் அவன் கூட்டணி தோற்றது. தோற்றவனுக்குத்தான் கெட்ட பெயர் ஒட்டியது. ஊர் ஊராகச் சுற்றி வழக்குக் கேட்டவன், 1207இல் லிவர்பூலுக்குச் சாசனம் கொடுத்தவன் என்பதெல்லாம் யாருக்கும் நினைவில்லை.

மதுரை மீனா:
ஏக்கர் கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் பிரபுக்கள் பயந்தது வேறு ஒன்றுக்கு. அண்ணன் மகன் ஆர்தரை 1202இல் பிடித்தான், மறு வருடம் ரூவான் கோட்டையில் அந்தப் பையன் காணாமல் போனான். பிரபு வில்லியம் டி பிரயோஸ் கடன் கட்டவில்லை என்று அவர் மனைவி மடில்டாவையும் மகனையும் 1210இல் சிறைவைத்துப் பட்டினி போட்டே கொன்றான்.

நீங்கள் ஆவணம் கேட்பவர், கேளுங்கள். பிரயோஸ் மேல் ஏன் நடவடிக்கை என்று ஜானே ஒரு நீண்ட விளக்கம் எழுதி வெளியிட்டான். எவ்வளவு பாக்கி, மடில்டா 50,000 மார்க் தருவதாக எப்போது சொன்னாள், எல்லாம் வரிசையாக இருக்கிறது. அந்த அம்மாள் எப்படிச் செத்தாள் என்று ஒரு வார்த்தை இல்லை. சட்டப்படி தீர்ப்பு இல்லாமல் சுதந்திர மனிதனைச் சிறைபிடிக்கக் கூடாது என்ற மாக்னா கார்ட்டாவின் 39ஆம் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மடில்டா முகம்தான் தோன்றுகிறது.

கல்வெட்டுக்காரன்:
மடில்டா விஷயத்தில் அவனுக்காக நான் பேச மாட்டேன், பேசவும் முடியாது. ஆனால் பணம் பிடுங்கும் அந்த இயந்திரம் அப்பா கட்டியது, அண்ணன் ஓட்டியது. ஜான் இல்லாவிட்டாலும் அது ஒருநாள் வெடித்திருக்கும்.

மதுரை மீனா:
அப்படியானால் 1216 அக்டோபரில் அவன் நியூவர்க்கில் செத்ததும் என்ன நடந்தது? பாதி நாடு பிரெஞ்சு இளவரசர் லூயி கையில். இந்தப் பக்கம் ஜானின் ஒன்பது வயது மகன் ஹென்றி, அவனுக்காக ஆட்சி நடத்த வயதான பிரபு வில்லியம் மார்ஷல். ஒரு மாதத்துக்குள் மார்ஷல் மாக்னா கார்ட்டாவை மறுபடி வெளியிட்டார். கலகக்காரர்கள் ஒவ்வொருவராகப் பையன் பக்கம் திரும்பினார்கள். 1217இல் லூயி ஊர் போய்ச் சேர்ந்தார். அதே இயந்திரம்தான் அண்ணா, ஓட்டிய ஆள்தான் இல்லை.

கல்வெட்டுக்காரன்:
அந்த 1216 பிரதியில் 12ஆம் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள் மீனா. எல்லாரையும் கலந்து பேசாமல் ஸ்கூட்டேஜ் கேட்கக் கூடாது என்ற பிரிவு அது. அதை எடுத்துவிட்டார்கள். மார்ஷல் நேர்மையானவர் என்று எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள். அவராலேயே அந்தக் கதவை மூட முடியவில்லை. ஜானை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம்.

மதுரை மீனா:
எடுத்தது உண்மைதான். 39ஐ எடுக்கவில்லையே.