அம்மாவுக்கு ஆன்சரிங் மெஷின் வெச்ச கார்ட்லெஸ் போன்: உபயோகமா, தண்டமா?

காவிரிக்கரையான்
ஸ்ரீரங்கத்துல அம்மா தனியா இருக்காங்க. 76 வயசு, முழங்கால் வலி. செல்போன் வாங்கிக் கொடுத்தேன், அது சார்ஜ் இல்லாம பீரோவுக்குள்ள தூங்குது. அவங்களுக்குப் போன்னா லேண்ட்லைன்தான். சொந்தக்காரங்க எல்லாருக்கும் மனப்பாடமான நம்பர். போன வருஷம் ஃபைபருக்கு மாத்தினப்பவும் அதே நம்பரை விடாம வெச்சுக்கிட்டோம்.

போன மாசம் ஆன்சரிங் மெஷினோட (நாம எடுக்காட்டா தானே எடுத்து, பேசறவங்க சொல்றதைப் பதிஞ்சு வைக்கும்) ஒரு கார்ட்லெஸ் செட் வாங்கி மாட்டினேன். ரெண்டு ஹேண்ட்செட், ஒண்ணு கூடத்துல, ஒண்ணு கட்டில் பக்கத்துல. ஃபைபர் பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற போன் சாக்கெட்ல பேஸ் யூனிட்டைச் செருகி, ஹேண்ட்செட்டை முதல் நாள் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, தேதி நேரம் வெச்சு, என் குரல்ல "நாங்கள் வீட்டில் இல்லை, பீப் ஒலிக்குப் பிறகு பேசவும்"னு பதிவும் பண்ணிட்டேன். வெளியூர்லேருந்து கூப்பிட்டு ரகசிய எண் அழுத்தினா வந்த தகவலை எல்லாம் கேட்கலாம்.

"எண்பதுகள்ல வாங்க வேண்டியதை இப்ப வாங்கியிருக்கே"ன்னு தங்கச்சி சிரிக்கறா. நான் பண்ணது தப்பா?

வெட்டிப்பேச்சு வேலு
தங்கச்சி சொல்றதுதான் சரி. நம்ம ஊர்ல பீப்புக்கு அப்புறம் யாருங்க பேசறா? எங்க பெரியப்பா ஒண்ணு வெச்சிருந்தார். அதுல இருந்ததெல்லாம் "ஹலோ... ஹலோ... ஏய், என்னமோ ரெக்கார்டு ஓடுதுடி"தான். ஒரு தடவை கொழுக்கட்டைக்கு வெல்லம் எவ்வளவுன்னு அத்தை பக்கத்துல யார்கிட்டயோ கேட்டது மட்டும் தெளிவாப் பதிஞ்சிருந்தது. மிஸ்டு கால் பார்த்துத் திருப்பிக் கூப்பிடற ஜனம் நாம. காலர் ஐடி இருந்தா போதும், மெஷின் எதுக்கு?

அதை விடப் பெரிய தப்பு கார்ட்லெஸ். வயசானவங்க அதைப் பூஜை ரூம்ல வெச்சுட்டு வீடு பூரா தேடுவாங்க. கரண்ட் போனா அதுவும் போச்சு. பழைய டயல் போன் கரண்ட் இல்லாட்டியும் அடிக்கும்.

ரிட்டயர்டு லைன்மேன்
வேலு தம்பி பாதி சரி. பழைய செப்புக் கம்பியில எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலேருந்தே 48 வோல்ட் வரும், வீட்ல கரண்ட் இருந்தா என்ன, போனா என்ன. ஃபைபர்ல அந்தக் கதை கிடையாது. பெட்டிக்குக் கரண்ட் இல்லேன்னா உங்க டயல் போனும் பொம்மைதான். அதனால குத்தம் கார்ட்லெஸ் மேல மட்டும் இல்ல.

காவிரிக்கரை தம்பி, ரௌட்டருக்குன்னே 12 வோல்ட் மினி யுபிஎஸ் விக்கறாங்க, ஃபைபர் பெட்டிக்கு அதைப் போடுங்க. அதையே கார்ட்லெஸ் பேஸுக்கும் சொருகிடாதீங்க, அந்த அடாப்டருக்கு வோல்ட் வேற, புகைஞ்சிடும். அதுக்குப் பதிலா ஒரு டூ-வே சாக்கெட் வாங்கி, கார்ட்லெஸோட சாதாரண வயர் போன் ஒண்ணையும் சேர்த்து மாட்டுங்க. கரண்ட் போனா அது பேசும்.

இன்னொண்ணு. ஹேண்ட்செட்டுக்குள்ள இருக்கிறது 1.2 வோல்ட் ரீசார்ஜபிள் செல். அது ஓய்ஞ்சதும் ரிமோட்டுக்குப் போடற சாதா செல்லை அம்மா போட்டுச் சார்ஜர்ல வெச்சாங்கன்னா கசியும், வெடிக்கவும் கூடும். இதை ஒரு காகிதத்துல எழுதிப் பேஸ் மேல ஒட்டிடுங்க. ஹேண்ட்செட் தொலைஞ்சா பேஸ்ல பேஜ் பட்டன் இருக்கு, அமுக்கினா எங்க இருந்தாலும் அலறும். பூஜை ரூம்ல இருந்தாலும்தான் வேலு.

ஈஸ்ட்ஹாம் ராணி
நான் லண்டனில இருந்து எழுதுறன். எங்கட அம்மாவும் தனியத்தான் இருக்கிறா. இங்க பழைய செப்பு லைன் எல்லாத்தையும் 2027 ஜனவரியோட நிப்பாட்டப் போகினம், போனை ரௌட்டரிலதான் செருக வேணும். ஆக இந்தக் கதை எங்களுக்கும் பொதுதான்.

வேலு அண்ணை, ஆன்சரிங் மெஷின் மெசேஜ் சேர்க்கிறதுக்கு எண்டு நினைக்காதேங்கோ. எடுக்கிறதுக்கு முன்னம் ஆர் எண்டு கேக்கிறதுக்குத்தான் அது. எங்கட அம்மா கோலை உடன எடுக்கமாட்டா. மெஷின் எடுக்கும், ஆள் கதைக்கிறது ஸ்பீக்கரில கேக்கும். தெரிஞ்ச குரல் எண்டால் ஹேண்ட்செட்டை எடுத்துக் கதைப்பா. வங்கி, கம்ப்யூட்டர் வைரஸ் எண்டு உருட்டுறவன் எண்டால் பேசாமல் தேத்தண்ணியைக் குடிப்பா. இங்க சில செட்டுகளில போன்புக்கில இல்லாத ஆள் கோல் எடுத்தால் பேரைச் சொல்லச் சொல்லிக் கேக்கும், பிறகுதான் எங்களுக்கு மணி அடிக்கும்.

காவிரிக்கரையான், ஒண்டு மட்டும் பிழை. "நாங்கள் வீட்டில் இல்லை" எண்டு பதிஞ்சிருக்கிறியள். தனிய இருக்கிற அம்மாவின்ட வீட்டில அது கள்ளனுக்குக் குடுக்கிற அழைப்பிதழ்.

காவிரிக்கரையான்
ராணி அக்கா சொன்னப்புறம்தான் உறைக்குது. இன்னிக்கே அழிச்சிடறேன்.

நானும் இதுக்காகத்தான் வாங்கினேன் வேலு, முதல் பதிவுல சொல்ல விட்டுட்டேன். "இன்னும் 2 மணி நேரத்தில் உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்தவும்"னு ரெக்கார்டு பண்ணின கால் எத்தனை வருது! போலீஸ்னு சொல்லி 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு மிரட்டறவங்க கதையும் பேப்பர்ல தினம் படிக்கறோம். மெஷின் எடுத்தா அது 9-ஐ அழுத்தாது. பயமும் படாது.

வெட்டிப்பேச்சு வேலு
சரி, மிரட்டல் காலுக்கு ஒத்துக்கறேன். நம்பரைப் பார்த்தாலே பாதி தெரிஞ்சுடும், 140-ல ஆரம்பிச்சா விளம்பரம், பேங்க்குக்குன்னு 1600 கொடுத்திருக்காங்க. ஆனா எதிர்ல பேசறவன் 10 இலக்க நம்பர்ல வந்தா அம்மாவுக்கு என்ன தெரியும், அதுவும் நியாயம்தான்.

இப்ப என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. மெஷின் எத்தனாவது ரிங்ல எடுக்குது?

காவிரிக்கரையான்
அதுல 'டோல் சேவர்'னு ஒரு வசதி இருக்கு, அதைத்தான் வெச்சிருக்கேன். புதுத் தகவல் இருந்தா ரெண்டாவது ரிங் முடிஞ்சதும் எடுக்கும், இல்லேன்னா அஞ்சாவதுல. நான் வெளியூர்லேருந்து கூப்பிடறப்ப ரெண்டு ரிங்குக்கு மேல போச்சுன்னா தகவல் எதுவும் இல்லைன்னு புரிஞ்சு, காசு ஓடறதுக்குள்ள வெச்சிடலாம்.

வெட்டிப்பேச்சு வேலு
எஸ்டிடி காலத்துக் கஞ்சத்தனம்! இப்ப யாருக்குய்யா நிமிஷத்துக்குக் காசு ஓடுது? முழங்கால் வலியோட அம்மா அடுக்களையிலேருந்து ரெண்டு ரிங்குக்குள்ள ஓடி வரணுமா? ஒரு தகவல் சேர்ந்துட்டா அன்னிக்குப் பூரா எந்த காலையும் எடுக்க முடியாது. இதைச் செட் பண்ணினவருக்கு முழங்கால் நல்லா இருக்கு போல.

ரிட்டயர்டு லைன்மேன்
இதுல வேலு பக்கம்தான் நான். கணக்குச் சொல்றேன். அமெரிக்காவுல மணி 2 நொடி அடிச்சு 4 நொடி நிக்கும். ஒரு ரிங்குக்கு 6 நொடி, 5 ரிங்னா அரை நிமிஷம். நம்ம ஊர்ல ட்ரிங்-ட்ரிங்னு ரெட்டையா அடிக்கும், ஒரு சுத்து 3 நொடிதான். 5 ரிங்னா 15 நொடி, 2 ரிங்னா வெறும் 6. கட்டில்லேருந்து எழுந்து உட்காரவே பத்தாது. செட்ல இருக்கிறதுலயே அதிகமான ரிங்கை வையுங்க.

அப்புறம், பேசினவங்க வெச்சதுக்கு அப்புறமும் டொய்ங் டொய்ங்னு பதிஞ்சுட்டே இருக்குதா பாருங்க. சில ஃபைபர் பெட்டி லைன் முடிஞ்சதைச் சொல்லாது. மெஷின் அது பாட்டுக்கு எங்கேஜ்டு டோனை ரெக்கார்டு பண்ணி இடத்தை ரொப்பும். ஒரு ஆளுக்கு 1 நிமிஷம்னு மாத்திடுங்க, சரியாயிடும்.

நங்கநல்லூர் விசு
ஏன் இங்க வாங்கறீங்க? என் பையன் அமெரிக்காவுலேருந்து டெக்ட் 6.0-ங்கற அந்த ஊர் கார்ட்லெஸ் செட் ஒண்ணு கொண்டு வந்தான். நாலு ஹேண்ட்செட், குரல் மணி மாதிரி. இங்க கிடைக்கிற சரக்கெல்லாம் அதுக்குக் கிட்ட வராது.

ரிட்டயர்டு லைன்மேன்
விசு சார், அதைக் கழட்டிடுங்க. அது 1920–1930 மெகாஹெர்ட்ஸ்ல ஓடறது. இங்க 1920-லேருந்து 1980 வரைக்கும் செல்போன் டவருக்குப் பேசற அலைவரிசை. உங்க வீட்டுக் கார்ட்லெஸ் பக்கத்து டவரோட காதுல கத்தும். நம்ம ஊர் டெக்ட் செட், ஐரோப்பா டெக்ட் செட் எல்லாம் 1880–1900. பேர் ஒண்ணா இருக்கறதால ஏமாறக்கூடாது. அடாப்டரும் 120 வோல்ட்டா இருக்கும், 230-ல இன்னும் தப்பிச்சதே உங்க அதிர்ஷ்டம்.

நங்கநல்லூர் விசு
அடாப்டர் முதல் நாளே போயிடுத்து. வேற வாங்கினேன். அதைச் சொல்லலை.

ஈஸ்ட்ஹாம் ராணி
விசு அங்கிள் 😂

காவிரிக்கரையான்
இந்த வாரம் ஸ்ரீரங்கம் போயிட்டு வந்தேன். டோல் சேவரை எடுத்துட்டு 7 ரிங் வெச்சாச்சு, பதிவு 1 நிமிஷம், வயர் போன் ஒண்ணு கூடத்துல, மினி யுபிஎஸ்ஸும் ஆச்சு. போன்புக்ல ஒரு தலைவலி: 2021 ஜனவரியிலேருந்து லேண்ட்லைன்லேருந்து செல்லுக்கு முன்னாடி 0 போடணும்ல, அதனால எல்லா நம்பரையும் 0-வோட சேவ் பண்ணியிருந்தேன். உள்ளே வர்ற கால்ல 0 இல்லாம வருது, பேர் காட்ட மாட்டேங்குது. முக்கியமான பத்துப் பேரை ரெண்டு விதமாவும் போட்டுட்டேன்.

என் குரலை அழிச்சப்ப, "நானே பேசறேன், எனக்குத்தானே போன்"னாங்க அம்மா. மூணு தடவை தப்பாச்சு, நாலாவது தடவை பதிஞ்சது இது: "யாரு? கால் வலி, மெதுவாத்தான் வருவேன். வந்துட்டே இருக்கேன், வெச்சிடாதே. என்ன விஷயம்னு சொல்லிட்டே இரு."

இப்ப எல்லாரும் நிஜமாவே சொல்லிட்டு இருக்காங்க. நேத்து சித்தி 1 நிமிஷமும் முழுசாப் பேசி, கட் ஆனதும் மறுபடி கூப்பிட்டு மீதியைப் பேசியிருக்காங்க.

வெட்டிப்பேச்சு வேலு
அம்மா பதிவுக்கு நூத்துக்கு நூறு. மெஷினுக்கு முப்பத்தஞ்சு, பாஸ். கார்ட்லெஸ் ஹேண்ட்செட் இப்ப எங்க இருக்கு?

காவிரிக்கரையான்
...பூஜை ரூம்ல.