ஸ்டார் வார்ஸ்: 1977-ல தியேட்டர்ல ஓடின அதே படம் எங்க கிடைக்கும்?

கோவை செந்தில்:
சின்ன வயசுல, மாமா துபாய்ல இருந்து கொண்டு வந்த கேசட்ல பார்த்த படம். டேப் தேயுற வரைக்கும் போட்டுப் பார்த்திருக்கேன். போன வாரம் மகளுக்குக் காட்டலாம்னு ஓடிடில போட்டா, வேற படம் மாதிரி இருக்கு. ஊருக்குள்ள நுழையுற சீன்ல தெரு பூரா கம்ப்யூட்டர் மிருகங்க. மதுக்கடையில கடத்தல்கார ஹீரோ ஹான் சோலோ மேசைக்கு அடியில துப்பாக்கிய எடுத்துச் சுடுவாரு, அவரைப் பிடிக்க வந்த கிரீடோ காலி. அதான் அந்த ஆளோட கெத்தே! இப்ப கிரீடோவும் சுடுறான். நான் பார்த்தது என்ன, கனவா?

லேசர்டிஸ்க் பிரியன்:
கனவு இல்ல. 1997-ல சிறப்புப் பதிப்புன்னு மாத்தினாங்க. அப்புறம் 2004 டிவிடி, 2011 புளூரே, 2019 ஓடிடின்னு திரும்பத் திரும்பக் கை வெச்சாச்சு. பழசு 2006-ல ஒரு டிவிடி செட்ல இலவச இணைப்பு மாதிரி வந்துச்சு. 1993 லேசர்டிஸ்குக்கு, அதான் டிவிடிக்கு முன்னாடி இருந்த பெரிய தட்டுக்கு, செஞ்ச மாஸ்டர் காப்பி அது. இன்னைக்கு டிவில நாலு பக்கமும் கறுப்பு, நடுவுல தபால்தலை அளவுக்குப் படம் தெரியும்.

ரிட்டயர்டு ஆபரேட்டர்:
செந்தில் தம்பி, 22 வருசம் புரொஜக்டர் ஓட்டினவன் சொல்றேன். உங்க கேசட்டுல தொடக்கத்துல ஓடுற எழுத்துல 'எபிசோட் 4'ன்னு இருந்துச்சா? இருந்தா அதுவும் முதல் பிரதி இல்ல. அந்த வரிய 1981-ல தான் சேர்த்தாங்க. சத்தமும் ஒண்ணு இல்ல. மோனோ, ஸ்டீரியோ, 70 எம்எம் ஆறு டிராக்னு தனித்தனியா கலந்தாங்க, மூணும் அப்படியே ஒத்துப்போகாது. எந்தத் தியேட்டர்ல பார்த்தோம்ங்கிறதப் பொறுத்து 'ஒரிஜினலே' மாறும்.

என் வயித்தெரிச்சல் வேற. 1997-க்காக, கேமராவுல ஓடின ஒரிஜினல் நெகட்டிவையே வெட்டி, புது ஷாட்ட ஒட்டிட்டாங்க. தியேட்டருக்கு வர்ற பிரிண்ட்ட வெட்டினா போகுது. நாங்களே கடைசி பஸ்ஸுக்கு ஆளுங்க கிளம்பணும்னு ஒரு பாட்டை வெட்டி ஓட்டியிருக்கோம், திரும்ப ஒட்டித்தான் பெட்டிய அனுப்புவோம். நெகட்டிவ் தாய் மாதிரி, அதுல கை வெக்கலாமா?

அந்தக் காலத்துல ஈஸ்ட்மென் கலர் பிலிம்ல போட்ட பிரிண்ட்டும் உதவாது. நீலமும் பச்சையும் ஓடிப்போய் மொத்தப் படமும் பீட்ரூட் கலர்ல நிக்கும். நான் ஓட்டின பாதிப் பெட்டி அப்படித்தான். டெக்னிகலர் முறையில சாயம் ஏத்தின பிரிண்ட் மட்டும் வெளுக்காது. 1977-ல லண்டன்ல அப்படிக் கொஞ்சம் போட்டாங்க. 4கே77-ன்னு ரசிகர்கள் ஸ்கேன் பண்ணினதுல பெரும்பகுதி அந்த மாதிரி ஒரு 35 எம்எம் பிரிண்ட்தான். ஆனா அது கடையில விக்கிற சரக்கு இல்ல. 2025 ஜூன்ல லண்டன்ல பிஎஃப்ஐ-ங்கிற பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்துல அப்படி ஒரு பிரிண்ட்ட ஓட்டினாங்க. கூப்பிட்டிருந்தா சும்மாவே போய் ரீல் மாத்தியிருப்பேன்.

நெல்லை வாசு:
எடுத்தவர் லூகாஸ், அவர் படம், அவர் மாத்துறார். கம்பன் ஒரு பாட்டைத் திருத்தினா நாம போய் தடுப்போமா?

ரிட்டயர்டு ஆபரேட்டர்:
திருத்தட்டும் வாசு, பழைய ஏட்டை ஏன் கொளுத்தணும்? 1988-ல அமெரிக்க நாடாளுமன்றத்துல போய், பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் அடிக்கிறது அநியாயம்னு சாட்சி சொன்னதும் இதே லூகாஸ்தான். அடுத்த வருசமே, பாதுகாக்க வேண்டிய படங்கன்னு அமெரிக்கா போடுற தேசியப் படப் பட்டியல்ல முதல் 25-ல இந்தப் படத்தையும் சேர்த்தாங்க.

லேசர்டிஸ்க் பிரியன்:
50-ஆம் ஆண்டுக்கு, 2027 பிப்ரவரில, 1977 வடிவத்தையே புதுப்பிச்சுத் தியேட்டர்ல விடப்போறதா படக் கம்பெனி லூகாஸ்ஃபிலிம் அறிவிச்சிருக்கு. செந்தில், அதுவரைக்கும் தபால்தலைதான்.

கோவை செந்தில்:
2006 டிவிடி ஒருத்தர்கிட்ட இரவல் கிடைச்சுது. நேத்து ராத்திரி போட்டோம். ஹான் மட்டும் சுட்டாரு, நான் கை தட்டினேன். மகள் கண்டுக்கல. படத்து நாயகன் லூக்கோட மிதக்குற வண்டிக்குக் கீழ மட்டும் ஏன் கலங்கலா இருக்குன்னு பாஸ் பண்ணிக் கேக்குறா.

ரிட்டயர்டு ஆபரேட்டர்:
சக்கரம் தெரியக்கூடாதுன்னு லென்ஸ்ல வாஸலின் தடவி எடுத்தது. 1997-ல துடைச்சிட்டாங்க. பாப்பாகிட்ட சொல்லுங்க, 2027-ல அது திரும்ப வருதான்னு பார்த்துச் சொல்லட்டும்.