வரும் காசுக்கு வழி உண்டு, போகும் காசுக்கு?

திருகோணமலையில் கோணேசர் கோவில் ஏற்றத்தில் பனையோலைப் பெட்டியும் பித்தளை விளக்கும் விற்கிறேன். போன ஆடியில் மதுரைக் குடும்பம் ஒன்று நான்கு பெட்டிகளை எடுத்துவிட்டு, இலங்கைக் காசு போதாமல் நின்றது. அந்த அம்மா இரண்டைத் திருப்பி வைக்கப் போனார். போனால் ஸ்கான் பண்ணிக் காசு கட்ட மேசையில் வைத்திருந்த லங்கா கியூஆர் அட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல போன்பே பண்ணலாமா?" என்றார் மகன்.

2024 பெப்ரவரியிலிருந்து போன்பே போன்ற செயலிகளால் காசு கட்டும் இந்திய யூபிஐ முறை இங்கே செல்லும் என்று தெரியும், ஆனால் அதுவரை யாரும் கேட்டதில்லை. "ஸ்கான் பண்ணிப் பாருங்கோ தம்பி" என்றேன். நான் இலங்கை ரூபாயில் சொன்ன தொகை அவருடைய போனில் இந்திய ரூபாயில் வந்தது. ரகசிய எண்ணை அடித்தார், எனக்குக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. நான்கு பெட்டிகளும் மதுரைக்குப் போயின.

அப்புறம் இந்தியாவுக்குக் காசு அனுப்பும் என் முறை. விளக்குகளைத் தமிழ்நாட்டு நாச்சியார்கோவிலில் ஒரு விளக்குக்காரரிடம் இருந்துதான் எடுக்கிறேன். சின்ன ஓடர், 200 டொலர்கூட வராது. வங்கியில் பற்றுச்சீட்டு, படிவம், கையெழுத்து என்று அரைநாள் போனது. எங்கள் ரூபாய் டொலராகி, இடையில் இன்னொரு வங்கியின் கணக்கைக் கடந்து, இந்திய ரூபாயாகிப் போய்ச் சேர்கிறது. இடையில் இருந்த வங்கி தன் கூலியைப் பிடித்துக்கொண்டதால் விளக்குக்காரருக்குக் காசு குறைந்தது. குறைந்த சிறு தொகையை அனுப்ப மறுபடியும் முழுக் கட்டணம் கட்டினேன். விளக்குகள் வந்தபோது கார்த்திகை விளக்கீடு முடிந்திருந்தது.

எனக்கு இது பெரிய மனவருத்தம். இந்திய ரூபாயை 2022இலேயே இங்கே அங்கீகரித்த வெளிநாட்டு நாணயமாக்கிவிட்டார்கள். எல்லை தாண்டும் சில்லறைக் கொடுப்பனவுகளின் சராசரிச் செலவு 2027 முடிவுக்குள் 1 வீதத்தைத் தாண்டக் கூடாது, முக்கால்வாசி ஒரு மணித்தியாலத்துக்குள் சேர வேண்டும் என்று ஜி20 நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. கப்பல் கணக்கில் இறக்குபவருக்கு வங்கிக் கூலி பெரிதாகத் தெரியாது. பத்து விளக்கு எடுக்கிற எனக்கு இலாபமே அதுதான். சின்னத் தொகை அனுப்ப நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

உப்புவெளியிலிருந்து:
விடுதி வைத்திருக்கிறேன். எனக்கு வருகிற பக்கமே முதலில் சரிவரவில்லை. இரண்டு முறை ஸ்கான் பண்ணியும் போகாமல், விருந்தினர் இரவில் ஏடிஎம் தேடி நகரத்துக்குப் போய்வந்தார். அவருடைய செயலியில் வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறந்துவிட வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது இந்தியர்கள் அறை பதியும்போதே சொல்லிவிடுகிறேன், வைஃபையும் கொடுக்கிறேன். உங்கள் கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

திருக்கடலூரிலிருந்து:
அம்மாவின் கண் சிகிச்சைக்குத் திருச்சி போயிருந்தோம். தேநீர்க் கடையிலும் கியூஆர் ஒட்டியிருந்தது, என் வங்கிச் செயலி அதை ஏற்கவில்லை. மருந்துக் கடையில் சில்லறை இல்லாமல் நின்றபோது பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை தன் போனில் கட்டிவிட்டு, என்னிடம் நோட்டை வாங்கிக்கொண்டாள். விளக்குக்காரரிடம் அடுத்த முறை மூன்று மாத ஓடரை ஒன்றாகக் கேளுங்கள் அண்ணா, கட்டணம் ஒரு தடவையோடு போகும்.