மாந்தோப்பு வீட்டு உறவுகள்: ஞாயிறு இரவு

இரவு 7:52

பெரியப்பா: தலையாரி நேற்று சாயந்திரம் ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். புறவழிச்சாலைக்கு நம் தோப்பில் 1 ஏக்கர் 12 சென்ட் போகிறதாம். கிணறும் அதற்குள் வருகிறது. படித்த பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள்.

காரிமங்கலம் அத்தை: கிணறுமா அண்ணா? அப்பாவும் அம்மாவும் மண் சுமந்து வெட்டிய கிணறு ஆயிற்றே. படத்தைப் பார்த்ததிலிருந்து அடுப்படியில் கை ஓடவில்லை.

பெங்களூர் அண்ணன்: அப்பா, பயப்படாதீர்கள். நாம் கையெழுத்துப் போடாமல் யாரும் எடுக்க முடியாது. சொத்துரிமை அடிப்படை உரிமை, அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது.

வக்கீல் அக்கா: தம்பி, இருந்தது. இப்போது இல்லை. மொரார்ஜி தேசாய் ஆட்சியில் 1978-ல் நாடாளுமன்றம் 44-வது திருத்தம் கொண்டுவந்து சொத்துரிமையைச் சொன்ன 19(1)(எஃப்), 31 என்ற இரண்டு பிரிவுகளையும் எடுத்துவிட்டது. 1979 ஜூன் 20 முதல் 300ஏ என்று ஒரே வரிதான். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. சட்டம் இருந்தால் எடுக்கலாம். இது அடிப்படை உரிமை இல்லை என்பதால் இதற்கென்று நேராக உச்ச நீதிமன்றத்துக்கும் போக முடியாது, உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டும்.

பெங்களூர் அண்ணன்: மக்களைக் கேட்காமல் அவர்களே எப்படி எடுத்தார்கள் அக்கா? 1951-லேயே ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்தேன். நேரு கொண்டுவந்த முதல் திருத்தம். அன்றைக்கு இருந்தது இடைக்கால நாடாளுமன்றம். பொதுத்தேர்தலே நடக்கவில்லை. அதுவரை பொறுத்திருங்கள் என்று சியாமா பிரசாத் முகர்ஜி போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தும் கேட்கவில்லை.

நான்: அண்ணா, அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவசரம் ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பீகாரில் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் 1951 மார்ச்சில் செல்லாது என்றது. ஜமீன்தார்கள் சொத்துரிமையையும் சமத்துவ உரிமையையும் சொல்லி வழக்குப் போட்டார்கள். இப்படிப்பட்ட நிலச் சட்டங்களை நீதிமன்றம் ரத்து செய்யாமல் காக்க, ஜூன் மாதமே 31ஏ, 31பி, ஒன்பதாவது அட்டவணை எல்லாம் வந்துவிட்டன. முதலில் அட்டவணையில் சேர்த்தது 13 சட்டங்கள். அதில் ஒன்பதாவது எது தெரியுமா? 1948-ன் சென்னை எஸ்டேட் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரி மாற்றச் சட்டம். ரயத்துவாரி என்றால் நடுவில் ஜமீன்தார் இல்லாமல் உழவரே நேராக அரசுக்கு வரி கட்டுவது. தாத்தாவுக்குப் பட்டா கிடைத்தது அந்தச் சட்டத்தில்தான்.

இரவு 8:20

பெரியப்பா: தம்பி சொல்வது சரி. இந்தத் தோப்பு அன்றைக்கு மிட்டா நிலம், ஜமீன் மாதிரி. அப்பா உழுதார், மிட்டாதாருக்கு வரி கட்டினார், ஆனால் எங்கள் நிலம் என்று சொல்ல ஒரு காகிதம் கிடையாது. பட்டா வந்த அன்று அதை மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். மழைக்காலம் முடிந்ததும் வெயிலில் காட்டி மறுபடி மடித்து வைப்பார். மடிப்பில் கிழிந்துவிட்டது. ஆனால் சர்வே எண் இன்னும் படிக்க முடிகிறது.

காரிமங்கலம் அத்தை: அந்தப் பெட்டியைத் திறந்தால் கற்பூர வாசனை வரும். எங்களைத் தொட விட மாட்டார்.

பெங்களூர் அண்ணன்: சரி, எனக்கு இது தெரியாது. ஆனால் அன்று தாத்தாவுக்கு நிலம் வரவேண்டும் என்று பலவீனப்படுத்திய உரிமைதானே, இன்று அப்பாவுக்குத் தேவைப்படும்போது இல்லை?

வக்கீல் அக்கா: எனக்கும் நெஞ்சில் குத்துவது அதுதான் தம்பி. ஊர் ஊராக வைத்திருந்தவரிடம் எடுப்பதும், 3 ஏக்கரில் பிழைக்கிறவரிடம் எடுப்பதும் ஒன்றல்ல. இதை நாடாளுமன்றமே ஒருமுறை ஒத்துக்கொண்டது. 1964-ல் 17-வது திருத்தம் கொண்டுவந்து ரயத்துவாரி நிலத்தையும் 31ஏ-க்குள் இழுத்தார்கள். அப்போது ஒரு காப்பும் வைத்தார்கள். நில உச்சவரம்புக்குள் இருந்து, தானே பயிர் செய்கிற நிலத்தை எடுத்தால் சந்தை விலைக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அந்த வரி இன்றும் சாசனத்தில் இருக்கிறது.

சித்தப்பா: சம்மதம் வாங்க வேண்டும் என்று 2013 நிலமெடுப்புச் சட்டத்தில் இருக்கிறதே அம்மா?

வக்கீல் அக்கா: தனியார் கம்பெனிக்கு எடுத்தால் 80 சதவீதம் பேர் சம்மதம், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டத்துக்கு 70. அரசு தனக்கே எடுத்தால் அது கிடையாது சித்தப்பா. அதைக்கூடத் தளர்த்த 2014 கடைசி நாளில் அவசரச் சட்டம் போட்டார்கள். மக்களவையில் 2015 மார்ச்சில் மசோதா நிறைவேறியது. மாநிலங்களவையில் பலம் இல்லை. கூட்டுக்குழுவுக்குப் போய், ஆகஸ்ட் 31-ல் அவசரச் சட்டம் காலாவதியானது. விவசாயிகள் தெருவில் நின்றதால்தான் அந்தப் பாதுகாப்பு தப்பியது.

வக்கீல் அக்கா: அது இருக்கட்டும். பெரியப்பா, படம் மங்கலாக இருக்கிறது. மேலே எந்தச் சட்டம் என்று போட்டிருக்கிறது? வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள்.

பெரியப்பா: கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956, பிரிவு 3ஏ.

வக்கீல் அக்கா: நிலம் எடுக்கப் போகிறோம் என்ற முதல் அறிவிப்பு அது. அரசிதழ் தேதி?

பெரியப்பா: 3-ம் தேதி.

வக்கீல் அக்கா: இன்று 16. ஆட்சேபனை கொடுக்க 21 நாள்தான். அது உங்கள் கையில் காகிதம் வந்த நாளிலிருந்து இல்லை, அரசிதழில் வெளியான நாளிலிருந்து. 24-ம் தேதியோடு முடிகிறது.

காரிமங்கலம் அத்தை: பன்னிரண்டு நாள் கழித்தா வீட்டுக்குச் சொல்வார்கள்? இது என்ன நியாயம்?

நான்: தமிழ்ப் பத்திரிகையிலும் வெளியிட வேண்டும் அத்தை. ஆனால் சர்வே எண் வரிசையில் நம் எண்ணை யார் தேடுவார்கள்? மூன்று தலைமுறை உழைத்த இடம் பொடி எழுத்தில் போய்விடுகிறது.

இரவு 8:55

வக்கீல் அக்கா: நாளைக்கே எழுதுவோம். எழுத்தில் கொடுத்துவிட்டு, நேரில் விசாரணை வேண்டும் என்றும் கேட்க வேண்டும். அது நம் உரிமை. மேற்கே அரை பர்லாங் தள்ளினால் தரிசுதான், கிணறு தப்பும் என்று எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடம் வைத்துக் காட்டுவோம். அடுத்த படியான 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு பேசுவது பணத்தைப் பற்றி மட்டும்தான். பணம் 2013 சட்டத்தின் கணக்குப்படி வரும், 2015-லிருந்து நெடுஞ்சாலைக்கும் அது பொருந்தும். போதாது என்றால் நடுவரிடம் போகலாம்.

பெரியப்பா: காகிதத்தில் வெறும் புன்செய் என்று இருக்கிறது. மரத்தையும் காணோம், கிணற்றையும் காணோம்.

வக்கீல் அக்கா: அதையும் எழுதுவோம். கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் மா ஏறியிருக்கிறதா பாருங்கள். அப்புறம், பட்டா இன்னும் தாத்தா பெயரில்தானே? வாரிசுச் சான்று வேண்டும். அத்தை பெயரும் கண்டிப்பாக வர வேண்டும்.

காரிமங்கலம் அத்தை: எனக்குப் பணம் வேண்டாம்மா. தோப்பு இருந்தால் போதும்.

பெரியப்பா: பங்கு பங்குதான் தங்கச்சி. அப்பா உனக்கென்று வைத்த மல்கோவா அந்தக் கிணற்றடியில்தான் நிற்கிறது. நீயும் வந்து கையெழுத்துப் போடு.

பெங்களூர் அண்ணன்: அப்பா, நான் லீவு சொல்லிவிட்டேன். காலை பஸ்ஸில் வருகிறேன். காவேரிப்பட்டணத்தில் இறங்கி வில்லங்கச் சான்றுக்கு மனு போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன்.

வக்கீல் அக்கா: மனு இரண்டு நகல். ஒன்று நேரில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். இன்னொன்று ஒப்புகையோடு விரைவுத் தபால்.

பெரியப்பா: சரி கண்ணு. சுண்ணாம்பு கொஞ்சம் இருக்கிறது. விடிந்ததும் தோப்புக்குப் போய் 64 மரத்துக்கும் எண் போட்டு ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். மல்கோவாதான் முதல் எண்.