பிரிக்காமல் வைத்திருந்த கறுப்பு உறை

1992 நவம்பரில் நான் கிளீவ்லாந்தில் மாணவனாக இருந்தேன். சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் பள்ளித் தோழர்களாகப் பழகிய ஊர் அது. அதனாலோ என்னவோ, கதையில் சூப்பர்மேன் சாகப்போகிறான் என்ற செய்தியை என் அறைத்தோழன் சொந்த வீட்டுத் துக்கம் போலவே சொல்லிக்கொண்டிருந்தான்.

'சூப்பர்மேன்' 75ஆம் இதழ் வெளியான அன்று குளிரில் வரிசையில் நின்று, இரத்தம் சொட்டும் 'எஸ்' எழுத்துப் பொறித்த கறுப்பு பிளாஸ்டிக் உறையில் அடைத்த பிரதி ஒன்றை இரண்டரை டாலருக்கு வாங்கினேன். உறையைப் பிரித்தால் பின்னாளில் விலை போகாது என்று முன்னால் நின்றவர் சொன்னதை நம்பி, படிக்காமலே பெட்டிக்குள் வைத்துவிட்டேன். காதலி லோயிசுடனான சூப்பர்மேனின் திருமணத்தைத் தொலைக்காட்சித் தொடருக்காகத் தள்ளிப்போட நேர்ந்ததால் கதாசிரியர்கள் இந்தச் சாவைக் கொண்டுவந்தார்கள் என்பதும், மறு ஆண்டே அவன் மீண்டு வந்ததும் காதில் விழுந்தன. உறை மட்டும் பிரியவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து விற்கக் கொண்டுபோனபோது கடைக்காரர் சிரித்துவிட்டார். அறுபது இலட்சத்துக்கு மேல் விற்ற இதழை என்னைப் போலவே பலரும் பூட்டி வைத்திருந்ததால், அவர் சொன்ன தொகை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத்தான் காணும். வீட்டுக்குத் திரும்பியதும் கத்தரிக்கோலை மகளிடம் கொடுத்தேன்.

உள்ளே, கதையில் வரும் 'டெய்லி பிளானட்' நாளிதழின் இரங்கல் செய்தியும் அஞ்சல்தலைகளும் துக்கத்துக்கான கறுப்புக் கைப்பட்டியும் இருந்தன. பட்டியை அவள் மாட்டிக்கொண்டாள். தோளிலிருந்து வழுக்கி மணிக்கட்டில் வந்து நின்றது.

ஏன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே படம் இருக்கிறது என்று அவள்தான் கேட்டாள். விடை தெரியாமல், இதற்கு முந்தைய மூன்று பகுதிகளையும் தள்ளுபடிப் பெட்டியில் தேடி வாங்கி வந்தேன். முதலாவதில் பக்கத்துக்கு நான்கு கட்டங்கள், அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் இரண்டு. டான் ஜர்கன்ஸ் எழுதி வரைந்த இந்த இதழில் ஒன்றே ஒன்று. கட்டங்கள் குறையக் குறையப் பேச்சுக்கு இடமில்லாமல் போய், சூப்பர்மேனைக் கொல்லும் அரக்கன் டூம்ஸ்டேயின் எலும்பு முட்கள் துருத்திய முட்டி மட்டுமே பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதைச் செய்தித்தாள் வாசித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

லோயிஸ் அழும் கடைசிப் பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அத்தனை ஆண்டு மடிப்பு நிமிர மறுத்ததால், ஆளுக்கொரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தோம்.